தும்மல் பருவம்: யூனானி மருத்துவரிடம் கேள்வி பதில்

பருவம் மாறினால் வரும் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்புக்கு நபிவழி மருத்துவத்திலும் யூனானியிலும் என்ன வழி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். யூனானி படித்து மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

லாத்தா, எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் பூத்தால் எனக்குத் தும்மல் நிற்காது. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகம் மருந்து என்று ஹதீஸ் இருக்கிறதே, அது மட்டும் போதாதா? (கீழக்கரை)

ஹதீஸ் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது, ஆதாரமானது. அதே இடத்தில் வரும் சம்பவத்தையும் பாருங்கள். பயணத்தில் நோயுற்ற காலிப் இப்னு அப்ஜர் என்பவரைப் பார்க்க வந்த இப்னு அபீ அதீக், ஐந்து அல்லது ஏழு விதைகளை எடுத்து நசுக்கி, எண்ணெயோடு சேர்த்து மூக்கின் இரண்டு பக்கமும் சொட்டு விடச் சொன்னார். எத்தனை விதை, எந்த வழியாக என்றெல்லாம் அன்றே கணக்கு இருந்தது. "எல்லா நோய்க்கும்" என்பது பொதுச்சொல்லாக வந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களைத்தான் குறிக்கும் என்று இமாம் கத்தாபி விளக்கியிருக்கிறார். எந்த ஒரு செடியிலும் எல்லா நோய்க்குமான குணம் சேர்ந்திருக்காது என்பது அவர் சொன்ன காரணம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஈரானின் அஹ்வாஸில் ஒவ்வாமை மூக்கடைப்பு உள்ள 66 பேரிடம் கருஞ்சீரகத்தைச் சோதித்து 2011-இல் முடிவு வெளியிட்டார்கள். தும்மல், அரிப்பு, மூக்கு ஒழுகுதல் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் சிறிய ஆய்வு. பெரியவர்கள் தினமும் அரை டீஸ்பூன் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம், ஏனென்றால் இது சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கும். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கவே வேண்டாம். உங்களுக்குக் காரணம் சீமைக்கருவேல மகரந்தம் என்றால், அது பூக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி வைப்பதும், வெளியே போய் வந்ததும் முகம், மூக்கு, தலைமுடியைக் கழுவுவதும் கருஞ்சீரகத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

மகனுக்கு மூன்று வயது. அந்த எண்ணெயை மூக்கில் விடலாமா?

வேண்டாம்மா. சிறு பிள்ளைகளுக்கும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். பிள்ளைக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

ரியாத்தில் வேலை செய்கிறேன். அந்தந்த ஊர்த் தேனைச் சாப்பிட்டால் மகரந்தம் உடம்புக்குப் பழகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா, டாக்டர்?

தேனில் மக்களுக்கு நிவாரணம் இருக்கிறது என்று சூரா அந்நஹ்ல் சொல்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நண்பர்கள் சொல்லும் காரணம் சரியில்லை, தம்பி. தேனீ தேடிப் போவது பெரும்பாலும் கனமான, பிசுபிசுப்பான மகரந்தம் உள்ள பூக்களை. உங்களைத் தும்ம வைப்பதோ பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர, களை மகரந்தம். அது தேனில் மிகக் கொஞ்சமே இருக்கும். அமெரிக்காவில் 2002-இல் வந்த ஓர் ஆய்வில் உள்ளூர்த் தேனுக்கும், தேன் போலச் செய்த சர்க்கரைப்பாகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மலேசியாவின் கிழக்குக் கரையில் 2013-இல் வந்த ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், கூடவே ஒவ்வாமை மாத்திரையும் உண்டு. 70 கிலோ ஆள் தினமும் 70 கிராம் தேன் குடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ஒரு ஸ்பூன் தேன் இதமானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மூக்கில் தண்ணீர் ஏற்றுகிறோமே, அது ஒவ்வாமைக்கு உதவுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இந்தத் தலைப்பில் என்னிடம் இருப்பதிலேயே சிறந்த வைத்தியம் இதுதான். தூங்கி எழுந்ததும் மூன்று முறை மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யச் சொல்லும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நோன்பாளியாக இல்லாதபோது நன்றாக உள்ளிழுக்கச் சொல்லும் ஹதீஸும் உண்டு. ஒட்டியிருக்கும் மகரந்தமும் தூசியும் வெளியேறினால் மூக்கின் உள்தோல் அமைதியாகும். காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வது இதனால்தான்.

ஒளுவின் தண்ணீர் மூக்கின் முன்பக்கத்தைக் கழுவும். ஒவ்வாமை அதிகமான நாட்களில் தனியாக ஒரு முறை உப்புநீரில் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய ஒரு தம்ளர் தண்ணீரில் அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்கு மேல் போகாமல், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்த்தால் எரியாது. கொதிக்க வைப்பதைத் தவிர்க்காதீர்கள். கேரளத்தில் 2024-இல் குளத்து நீர் மூக்கு வழியாகப் போய் அமீபா மூளைக்காய்ச்சல் பிள்ளைகளைப் பறித்ததை நாம் பார்த்தோம். பள்ளிவாசல் தொட்டியையும் அடிக்கடி கழுவி, குளோரின் போட்டு வைக்க ஜமாஅத்திடம் சொல்லுங்கள்.

அந்தக் கால ஹகீம்களுக்கு ஒவ்வாமை என்று ஒன்று தெரியுமா?

தெரிந்திருக்கிறது. ராஸி (865–925) பாரசீகத்தின் ரய் நகரத்து மருத்துவர். வசந்த காலத்தில் ரோஜா மணத்தை முகர்ந்தால் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கிக்கு ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று விளக்கி அவர் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். பருவம், முகரும் பொருள், மூக்கு மூன்றையும் இணைத்துப் பார்த்திருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்! எனக்கு இன்றும் வியப்புதான்.

ஜோஷாந்தா என்னும் யூனானிக் கஷாயத்தை வீட்டிலேயே போட முடியுமா?

முடியும். பழைய அளவு: பீஹிதானா 3 கிராம், உன்னாப் 5 பழம், ஸபிஸ்தான் 9 பழம். பீஹிதானா என்பது சீமை மாதுளை விதை, உன்னாப் இலந்தை வகை, ஸபிஸ்தான் நம்மூர் நறுவிலிப் பழம். ஒரு தம்ளர் தண்ணீரில் மெதுவாகக் காய்ச்சி வடிகட்டி, இளஞ்சூட்டில் குடியுங்கள். தொண்டை வறட்சியும் இருமலும் அடங்கும், தும்மலை இது நிறுத்தாது. அதிமதுரம் சேர்த்த பாக்கெட்டுகளை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாள்கணக்கில் குடிக்க வேண்டாம்.

கோஷ்டத்தைப் பொடித்து மூக்கில் உறிஞ்சச் சொல்கிறார்கள். செய்யலாமா? (மேலப்பாளையம்)

கோஷ்டம் ஹதீஸில் வரும் இந்தியக் குஸ்துதான், அங்கே மூக்கு வழியாகக் கொடுக்கச் சொன்னது தொண்டை நோய்க்கு. பார்த்தீனியம் பட்டால் தோல் தடிப்பவர்களுக்குக் கோஷ்டமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பச் செடி. பாபூனா (கெமோமில்) பூவும் அப்படித்தான். ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் மூக்கில் பொடியை உறிஞ்சுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஹிஜாமா (தோலைக் கீறி, குவளை வைத்து இரத்தம் எடுப்பது)?

சுன்னத்தான, அதாவது நபிவழியில் வந்த சிகிச்சை. ஆனால் ஒவ்வாமைக்கு முதல் சிகிச்சையாக நான் செய்வதில்லை. செய்துகொள்வதானால் ஒரே முறை பயன்படுத்தும் கருவிகளை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் செய்யவே வேண்டாம்.

உம்மாவுக்கு ஒவ்வாமையோடு வீசிங்கும் உண்டு. அல்லாஹ்மேல் தவக்குல் வைத்து இன்ஹேலரை விட்டுவிட்டு, கருஞ்சீரகத்தைப் புகை பிடிக்கிறார்.

இன்றே பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதே நபி (ஸல்) அவர்கள்தான். முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்றும் சொன்னார்கள். இன்ஹேலரும் அந்த மருந்துகளில் ஒன்று. எந்தப் புகையும், சாம்பிராணியானாலும் ஊது ஆனாலும், மூச்சுக்குழலைச் சுருக்கும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ரமலானில் மூக்கு ஸ்பிரே அடித்தால் நோன்பு முறியுமா?

தொண்டைக்குள் இறங்கினால் முறியும் என்று சொல்லும் ஆலிம்கள் பலர். தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். மருந்தைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை: ஒவ்வாமைக்கான ஸ்டீராய்டு ஸ்பிரே நாளுக்கு ஒன்றோ இரண்டோ வேளைதான், அதனால் ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகுக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேளை மாத்திரை என்றால் தராவீஹ் முடிந்து படுக்கும் முன் போடுங்கள்.