இட்டரேஷனைக் கூட்டினால் படம் ஏன் புள்ளி புள்ளியாகிறது?

கேள்வி: எலும்பு ஸ்பெக்ட் படங்களை (உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தைக் காமா கேமராவில் எண்ணி எடுக்கும் முப்பரிமாணப் படங்கள்) ஓஎஸ்இஎம் என்ற கணக்கு முறையில் 4 இட்டரேஷன் (சுற்று), 10 சப்செட் (தரவைப் பிரிக்கும் பங்குகள்) வைத்து உருவாக்குகிறோம். இன்னும் தெளிவாக வரட்டும் என்று இட்டரேஷனை 20 ஆக்கினேன். படம் கரடுமுரடாகிவிட்டது. கணக்கு கூடினால் துல்லியமும் கூட வேண்டாமா?

பதில்: கூடத்தான் செய்தது. ஆனால் படம் துல்லியமாகப் பொருந்தியது கேமரா எண்ணிய கவுண்டுகளோடு. நோயாளியின் எலும்போடு அல்ல.

காமா கேமரா உடலைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் வெளியே வரும் கதிர்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். அதை வைத்து, நோயாளிக்குச் செலுத்திய டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ளே எங்கே, எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிப் போவது நேர்மாறு கணக்கு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நுணுக்கமான வேறுபாடுகளைக் கொலிமேட்டர் (கேமராவின் முன்னுள்ள துளைகள் நிறைந்த ஈயத் தகடு) முன்பே மழுக்கிவிடுகிறது. மழுங்கியதைக் கூர்மையாக்கப் போனால் எண்ணிக்கையின் தடுமாற்றமும் சேர்ந்து பெரிதாகும். ஒரு பிக்சலில் 100 கவுண்ட் என்றால் இயல்பாகவே 10 முன்பின் இருக்கும். 25 கவுண்ட் என்றால் 5. அதாவது 20 சதவீதம்!

ஓஎஸ்இஎம் ஓர் உத்தேசப் படத்தில் தொடங்குகிறது. கேமரா அதைப் பார்த்திருந்தால் என்ன எண்ணியிருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையில் எண்ணியதை அதனால் வகுத்து, அந்த விகிதத்தால் படத்தைத் திருத்துகிறது. முதல் சில சுற்றுகளில் முதுகெலும்பு, இடுப்பு போன்ற பெரிய உருவங்கள் வந்துவிடும். நுணுக்கங்கள் பிறகு வரும். அதற்கும் மேலே போனால் இரைச்சலுக்கு உருவம் கொடுக்கத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சப்செட்டுக்கு ஒரு திருத்தம் என்பதால், உங்களுடையது 40 திருத்தங்களிலிருந்து 200க்குத் தாவிவிட்டது.

அதற்காக ரொம்பச் சீக்கிரம் நிறுத்திவிடவும் கூடாது. சிறிய புண்களில் தெரியும் கதிரியக்க அளவு மெதுவாகத்தான் ஏறும்; பாதியில் நிறுத்தினால் உண்மையைவிட மங்கலாகத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்று அறிய, ஒரு ஜஸ்ஜாக் பாண்டத்தில் (நோயாளிக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் சோதனை உருளை) உள்ள கோளங்களைப் பின்னணியைவிடச் சூடாக, அதாவது கூடுதல் கதிரியக்கத்தோடு, நிரப்பி, நோயாளியிடம் கிடைக்கும் அதே கவுண்ட் அளவுக்கு ஸ்கேன் எடுங்கள். (நீண்ட நேரம் ஓட்டி அழகான படம் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.) ஒரே மூலத் தரவை 2, 4, 6, 8, 12 இட்டரேஷன்களில் உருவாக்கிப் பாருங்கள். கோளத்தில் தெரியும் கதிரியக்க அளவு ஏறுவது தளர்ந்து, பின்னணியின் ஏற்ற இறக்கம் மட்டும் கூடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மிஞ்சும் கரடுமுரட்டுக்கு மெல்லிய காஸியன் ஃபில்டர் (படத்தை லேசாக மழுக்கும் வடிகட்டி) போதும்.

அப்புறம், 20 இட்டரேஷனில் எடுத்த பழைய படங்களுக்காக யாரையும் மறுபடி படுக்க வைக்க வேண்டாம். புரொஜெக்ஷன் கோப்பு (ஒவ்வொரு கோணத்திலும் எண்ணிய மூலத் தரவு) இருந்தால் அதிலிருந்தே திரும்ப உருவாக்கலாம்.