மவுண்ட் ரோட்டில் நின்ற நீல்

கேள்வி: 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், அடிமை வியாபாரி கோல்ஸ்டன் சிலையை மக்கள் இழுத்துத் தள்ளித் துறைமுகத் தண்ணீரில் வீசினார்கள். இப்படிச் சிலைகளை அகற்றிக்கொண்டே போனால் வரலாறு மிஞ்சுமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மிஞ்சும். சென்னையே அதற்குச் சாட்சி.

மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலுக்குச் சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்க மெட்ராஸ் படையோடு வடக்கே போனவர். அலகாபாத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் விசாரணை என்று ஒன்று இல்லாமலே ஆட்களைத் தூக்கில் தொங்கவிட்டது அவர் படை. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது கொடுமைதான். அதற்கு நீல் என்ன செய்தார்? அந்தக் கொலைகள் நடந்த வீட்டில் உறைந்திருந்த ரத்தத்தைக் கைதிகளை நாக்கால் நக்க வைத்து, அப்புறம் தூக்கிலிட்டார். அவரைத்தான் நம் தாத்தாக்கள் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

1927இல் தொண்டர்கள் சுத்தியலோடு போய்ச் சிலையைத் தாக்கிச் சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலையம்மாள், சிறுமியாக இருந்த மகள் அம்மாக்கண்ணுவோடு போனார். இருவருக்கும் சிறை. அந்தக் குழந்தைக்குத்தான் காந்தி பின்னால் லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937இல் ராஜாஜி அரசு வந்ததும் சிலை சாலையைவிட்டு எடுக்கப்பட்டு, கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. நான் வரலாற்று ஆசிரியையாக இருந்தபோது, பிள்ளைகளை நீல் முன்னால் நிறுத்தித்தான் அம்மாக்கண்ணு கதையைச் சொல்வேன். அவர்களுக்கும் கிட்டத்தட்ட அவள் வயதுதான்.

சரி, வெள்ளைக்காரர் சிலை என்பதாலா கோபம்? இல்லை. அதே சாலையில் கோட்டைப் பக்கம் தாமஸ் மன்றோ இன்றும் குதிரைமேல் இருக்கிறார். அவரும் கம்பெனி ஆள்தான். ஆனால் ராயலசீமைக் குடியானவர்கள் அவரை நன்றியோடு நினைத்தார்கள். யார் என்ன செய்தார் என்று நம் மக்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

பிரிஸ்டலிலும் எடுத்த எடுப்பில் கயிறு கட்டவில்லை. சிலையை எடுங்கள் என்று பல வருடம் கேட்டார்கள். அடிமை வியாபாரத்தைச் சொல்லும் புதுப் பலகையாவது வைக்கலாம் என்றால், வாசகத்தில் இழுபறியாகி அதுவும் நின்றுபோனது. வழி இருந்தபோது அடைத்துவைத்த பொறுப்பை அந்த ஊர்ப் பெரியவர்கள்தான் ஏற்க வேண்டும். இப்போது அங்குள்ள அருங்காட்சியகத்தில், மக்கள் பூசிய சாயத்தோடு, கோல்ஸ்டனைப் படுக்கவைத்தே காட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. எழும்பூரில் நீலுக்குப் பக்கத்தில் அஞ்சலையம்மாளும் மகளும் பெரிய படமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.