பிரிண்டர் கேட்கும் அந்த 'எல்எஸ்பி'

கேள்வி: தண்டையார்பேட்டையில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். மின்ட் 22-க்கு மாறியதிலிருந்து எப்சன் இங்க் டேங்க் பிரிண்டரின் டிரைவர் ஏறவில்லை. 'எல்எஸ்பி 3.2 வேண்டும்' என்று நிற்கிறது. முன்பு இதே ஃபைல்தான் ஏறியது. சர்வீஸ் தம்பி, "லினக்ஸே சரிப்படாது அக்கா, 2,500 கொடுங்க, விண்டோஸ் போட்டுடறேன்" என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஃபைலை விட்டுவிடுங்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து, ஆங்கிலத்தில் இ, எஸ், சி, பி, ஆர் என்ற ஐந்து எழுத்தை அடித்துத் தேடுங்கள். 'பிரிண்டர் டிரைவர்' என்று தொடங்கும் பெயர் வரும். எப்சன் வெளியிட்ட மூல நிரலையே, டெபியன் என்ற லினக்ஸ் வகைக்காரர்கள் அப்படியே ஏற்றக்கூடிய பேக்கேஜாக்கித் தருவதுதான் அது. அதை இன்ஸ்டால் செய்து, பிரிண்டரை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

முன்பு ஏறியது இப்போது ஏன் ஏறவில்லை? எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த நாட்டுக் கன்டெய்னரானாலும் மூலை ஓட்டைகள் ஒரே கணக்கு. எந்த டிரெய்லரிலும் பூட்டிக்கொள்ளும். லினக்ஸ் வகைகளுக்கும் அப்படி ஒரு பொது அளவாக, 'லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ்' 2001-இல் வந்தது. அதன் சுருக்கம்தான் எல்எஸ்பி. 2006-இல் ஐஎஸ்ஓ முத்திரையும் வாங்கினார்கள். ஆனால் பேக்கேஜுக்கு ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனியின் பக்கத்து ஆர்பிஎம் ஃபைல் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டெப் என்ற வேறு வடிவத்தில் வாழும் டெபியன் குடும்பம் அதை மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பாதி ஊர் ஒப்பாத அளவுக்குப் பெயர் ஸ்டாண்டர்டாம்! 2015-இல் டெபியன் கைகழுவியது. டெபியன் குடும்பத்து உபுண்டு கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்து, 24.04 பதிப்பில் விட்டுவிட்டது. அதன் மேல் கட்டியதுதான் உங்கள் மின்ட் 22. ஸ்டாண்டர்டை நம்பிக் கட்டிய டிரைவர் நடுத்தெருவில் நிற்கிறது. இப்போது எந்த லினக்ஸிலும் சாஃப்ட்வேர் ஏற்ற ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்று 'பொது' வழியே மூன்று. அதில் ஸ்னாப்பை மின்ட் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல.

சரி, அந்தத் தம்பிக்கு வருவோம். 2,500-க்கு விண்டோஸ் என்றால் லைசென்ஸ் பில் தருவாரா என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். ஊர் ஜனங்களின் ஆதாரும் பாஸ்புக்கும் போய்வரும் கம்ப்யூட்டர் அது. திருட்டு விண்டோஸோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. இன்னொரு ரகம் உண்டு. பென்டிரைவில் பழைய எல்எஸ்பி ஃபைலோடு வந்து, மின்ட் மறுத்தாலும் கட்டாயப்படுத்தும் 'ஃபோர்ஸ்' கொடுத்து ஏற்றிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் பிரிண்ட் வரும். அப்புறம் ஒரு நாள் எதை ஏற்றப் போனாலும் மின்ட் முரண்டு பிடிக்கும், மறுபடி அவருக்கே போன் போடுவீர்கள். ஏற்கெனவே யாராவது இப்படிச் செய்திருந்தால் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் சினாப்டிக் என்ற புரோகிராமைத் திறந்து, எடிட் மெனுவில் 'ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்' கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பிரிண்டரைச் சேர்க்கும்போது வரும் பட்டியலில் உங்கள் மாடல் எண் இல்லையென்றால், அதற்கு அதே ஐந்தெழுத்தின் பின்னால் 2 போட்ட டிரைவர் தேவைப்படலாம். அதை எப்சனின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். கூகுளில் முதலில் வரும், பெரிய பச்சை டவுன்லோடு பட்டன் வைத்த தளங்களை நம்பாதீர்கள். ஃபைல் பெயரின் முடிவில் டெப் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏஎம்டி64 இருக்க வேண்டும். ஏஎம்டி வேறு கம்பெனி சிப், நம்முடையது இன்டெல் ஆச்சே என்று பயந்து வேறொன்றை எடுக்காதீர்கள். 64 பிட் இன்டெலுக்கும் அதுதான். பெயருக்குள் எல்எஸ்பி என்ற எழுத்துகள் இருந்தால் அது பழைய சரக்கு, தொடாதீர்கள்.

ஸ்கேனருக்கு டிரைவர் தனி. முதலில் ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பாருங்கள்.