மகளை வில்னியஸுக்கு அனுப்பலாமா?

கேள்வி: லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் முதுநிலைப் படிப்புக்கு என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ரஷ்யா அடுத்து அங்கேதான் பாயும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஏஜென்டோ, வேறு நாட்டுக்கு மாற்றித் தருகிறேன், தனிக் கட்டணம் ஆகும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். அந்தக் கட்டணத்தை மட்டும் கட்டாதீர்கள்.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் உக்ரைன் இல்லை. லித்துவேனியா 2004 முதல் இருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்வோம் என்கிறது நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு. அதற்காக எல்லாரும் உடனே படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. தேவை என்று தான் கருதுவதை ஒவ்வொரு நாடும் செய்யும், அவ்வளவுதான். ஒருவர் டாங்கி அனுப்பலாம், இன்னொருவர் மருந்துப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனால்தான் நட்பு நாட்டு வீரர்கள் எங்கள் மண்ணிலேயே நிற்கட்டும் என்று லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா ஆகிய பால்டிக் நாடுகள் வற்புறுத்தின. லித்துவேனியாவில் 2017 முதல் ஜெர்மனி தலைமையில் பன்னாட்டுப் படை நிற்கிறது. சண்டை வந்தால் முதல் நாளே ஜெர்மன் வீரரும் குண்டடி படுவார். பெர்லின் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

சுமார் 5,000 பேர் கொண்ட ஜெர்மன் படைப்பிரிவு ஒன்றும் அங்கே வருகிறது. ஆனால் அது முழுமையடைய 2027 ஆகுமாம்! உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பறித்தது 2014-இல். ராணுவச் செலவை உயர்த்த நேட்டோ நாடுகள் 2025 ஹேக் மாநாட்டில் வைத்த இலக்கோ 2035. பக்கத்து வீட்டில் தீ எரியும்போது இத்தனை நிதானம் எதற்கு?

சரி, மகளுக்கு நேரக்கூடிய தொல்லைக்கு வருவோம். 2025 அக்டோபரில் பக்கத்து நாடான பெலாரஸிலிருந்து கடத்தல் சிகரெட் கட்டிய பலூன்கள் மிதந்துவந்து, வில்னியஸ் விமான நிலையத்தைப் பலமுறை மூடவைத்தன. இணைப்பு விமானத்துக்கு இடையில் நிறைய நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். பயம்தான் இவர்களுக்கு மூலதனம். இன்றைக்கு ரஷ்யாவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர், நாளைக்கு ரஷ்யாவிலேயே நல்ல வேலை இருக்கிறது என்பார். உதவியாளர் வேலை, படிப்பு என்று ஆசைகாட்டி நம் இளைஞர்களை அங்கே கூட்டிப்போய்ப் போர்முனையில் தள்ளிய வழக்கில், 2024 மார்ச்சில் சிபிஐ சோதனை நடத்திய நகரங்களில் சென்னையும் மதுரையும் இருந்தன. எனவே அவர் என்ன சொன்னாலும், பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். மகள் போய்ச் சேர்ந்ததும், வில்னியஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும்.