உலகின் மிக வலிமையான மனிதர் போட்டி எப்போது, எப்படித் தொடங்கியது?

ஒலிம்பிக் மாதிரி பழங்காலத்துப் போட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, டிவிக்காகவே உருவாக்கிய நிகழ்ச்சி. 1977-ல் கலிஃபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் நடந்தது. பளுதூக்குபவர், பாடிபில்டர், அமெரிக்கக் கால்பந்து வீரர் என்று எல்லோரையும் ஒரே களத்தில் இறக்கிவிட்டார்கள். ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரு சுற்று! யார் மூளையில் உதித்ததோ. பாடிபில்டர் ஃபிராங்கோ கொலும்பு அதில் இடறி விழுந்து, கால் மூட்டு பிசகிப்போனது. பட்டம் புரூஸ் வில்ஹெல்முக்கு.

1980 முதல் 82 வரை பில் காஸ்மையர். அப்புறம் ஐஸ்லாந்துக்காரர்கள் ராஜ்ஜியம்: யோன் பால் சிக்மார்சன், மாக்னுஸ் வெர் மாக்னுசன், ஆளுக்கு 4 பட்டம். அன்று அந்த நாட்டில் மூன்று லட்சம் பேர்கூட இல்லை! அதிகப் பட்டங்கள், போலந்தின் மரியுஷ் புட்ஜியனோவ்ஸ்கியிடம்: 2002-க்கும் 2008-க்கும் இடையில் 5.