வாசகர் கேள்வி – பதில்: ஓடும் பேருந்தைப் படம்பிடித்தல்

கேள்வி: யாழ்ப்பாணம் செல்லும்போதெல்லாம் பேருந்துகளையும் புகையிரதங்களையும் கைப்பேசியில் படம் எடுக்கிறேன். ஓடும் பேருந்து மங்கலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பரந்தன்

பதில்: கமராவின் ‘புரோ’ முறையில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி பதிவாகும் நேரத்தை, 1/500 செக்கனாக வைத்தால் பேருந்து உறைந்து நிற்கும்; ஆனால் அது தரிப்பிடத்தில் நிற்கும் பேருந்தைப் போலவே தோன்றும் என்பதால், எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. 1/30 செக்கனில் வைத்து, பேருந்தின் முகப்பை விட்டுவிடாமல் இடுப்பிலிருந்து உடலைத் திருப்பியவாறே அழுத்திப் பாருங்கள். சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பேருந்து தெளிவாக இருக்க, பின்னாலுள்ள கடைகள் கோடுகளாக இழுபடும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளி நுழையும் வில்லைத் துவாரத்தைச் சுருக்க முடியாதாகையால், உச்சி வெயிலில் இவ்வாறு எடுத்தால் படம் வெளுத்துவிடும். மாலை மங்கும் நேரமே உகந்தது.

1990இல் நின்றுபோய் 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டிய புகையிரதத்தை எடுப்பதற்கு, தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அது ஆபத்தும் குற்றமுமாகும். நிலைய அதிபரிடம் கேட்டுவிட்டு, மேடையின் ஓரக் கோட்டுக்கு உள்ளே நின்று, வண்டி வேகம் குறைத்து நுழையும்போது எடுங்கள்.