முதல் ஸ்டீரியோ: 5,000 வாட் பெட்டியின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் பாட்டு கேட்க நல்ல ஸ்டீரியோ வாங்க 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அறை 10-க்கு 12 அடி. பெரும்பாலும் போனில் எண்பதுகளின் தமிழ்ப் பாடல்கள் கேட்பேன், சில சமயம் டிவி பார்ப்பேன். கடையில் 5,000 வாட் 5.1 ஹோம் தியேட்டரைத்தான் காட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயரை 14,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது? எத்தனை வாட் வேண்டும்?
— சேலம் வாசகர்

இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் அறைக்குப் பக்கத்துக்கு 30 வாட் உண்மையாக வந்தால் போதும். ‘உண்மையாக’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

கடையில் அந்த 5,000 வாட் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படியுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே 60 வாட் என்றோ 80 வாட் என்றோ இருக்கும். அதுதான் அந்தப் பெட்டி கரண்டிலிருந்து இழுக்கும் மொத்த சக்தி. 60 வாட்டை வாங்கிக்கொண்டு 5,000 வாட்டை எந்தப் பெட்டியாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. அட்டையில் போட்டிருப்பது பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது கண நேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் எண். அதற்கு அளவுமுறை கிடையாது, யார் எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அமெரிக்காவில் இதே புளுகு தாங்காமல்தான் 1974-லேயே, ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் வாட் சொன்னால் தொடர் சக்தியைச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் கடைகளில் பி.எம்.பி.ஓ. இன்னும் கூசாமல் கொட்டை எழுத்தில் நிற்கிறது. கேட்டால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பதிவு எண்ணைக் காட்டுவார்கள். அது ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் இருப்பதற்கான சோதனை. அட்டையில் உள்ள வாட்டுக்கு அது சாட்சி ஆகாது.

30 வாட் எப்படிப் போதும்? ஸ்பீக்கர் விவரத் தாளில் ‘சென்சிட்டிவிட்டி 88 டெசிபல்’ என்றிருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் கொஞ்சம் கூடும். கழித்துப் பார்த்தால் 1 வாட்டிலேயே 85 டெசிபல் அளவு கிடைத்துவிடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். பாட்டில் திடீரென்று எழும் தவிலுக்கும் டிரம்முக்கும் இன்னும் 15 டெசிபல் இடம் விட்டால், தேவை சுமார் 32 வாட். சத்தம் 3 டெசிபல் ஏற ஒவ்வொரு முறையும் வாட் இரட்டிப்பாக வேண்டும். அதனால் 30 வாட்டை 60 ஆக்கினால் காதுக்குத் தெரிவது சின்ன வித்தியாசம்தான்.

5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி) ஏன் வேண்டாம்? உங்கள் பாடல்கள் பதிவானது அதிகபட்சம் இரண்டு சேனலில்தான். அதே பணத்தை ஆறு பெட்டிக்கும் ஒரு ஆம்புக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் டப்பாவாகத்தான் இருக்கும். நல்ல பெட்டி இரண்டு போதும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: ஸ்பீக்கர் ஜோடிக்கு 17,500, ஆம்புக்கு 9,000, வயருக்கும் பிளக்குக்கும் 1,000, ஸ்டாண்டுக்கு 2,500. எப்போதும் ஸ்பீக்கருக்குத்தான் பெரும்பங்கு. ஆம்ப்புகளுக்குள் காதுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு, ஸ்பீக்கர்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். (பட்ஜெட் 15,000-க்குள் என்றால் கதை வேறு. ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் ஜோடி வாங்கலாம். எடிஃபயர் ஆர்1280டிபி போன்றவற்றில் இரண்டும் சேர்ந்து 42 வாட் ஆர்.எம்.எஸ். என்றுதான் போட்டிருப்பார்கள். எண் சின்னதாகத் தெரிகிறதே என்று தயங்காதீர்கள், நேர்மையான எண் அப்படித்தான் இருக்கும்.)

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியவை: 5 அங்குலத்துக்குக் குறையாத வூஃபர் (பேஸுக்கான பெரிய கூம்பு), தனி ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்னது), 87 டெசிபலாவது சென்சிட்டிவிட்டி, 6 அல்லது 8 ஓம் மின்தடை. பெட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். கதவைத் தட்டியதுபோல ‘தொக்’ என்று கேட்க வேண்டும், தகர டப்பா மாதிரி அதிரக் கூடாது. கேட்டுப் பார்க்க உங்கள் போனையே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த டப்பாவிலும் நன்றாகக் கேட்கும் பாட்டாகத்தான் இருக்கும். இன்னொரு தந்திரம்: லாபம் அதிகமுள்ள ஜோடியை ஒரு சுற்று கூடுதல் சத்தத்தில் வைப்பார்கள். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகத்தான் படும். வால்யூமை நீங்களே சமமாக்குங்கள். பெண் குரலில் ச, ஷ வரும் இடம் சீறக் கூடாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ‘தொம்’ என்று முடிய வேண்டும். ‘பூம்’ என்று இழுத்தால் விட்டுவிடுங்கள்.

ஆம்புக்கு, உள்ளங்கையில் அடங்கும் கிளாஸ்-டி (கரண்டை அதிகம் வீணாக்காத சர்க்யூட்) வகை போதும். இங்கேயும் அதே புளுகு. முன்னால் ‘300+300 வாட்’ என்று எழுதி, கூடவே 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பார்கள். 24-ஐ 5-ஆல் பெருக்குங்கள், 120. அதற்கு மேல் எங்கிருந்து வரும்? 8 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 30 வாட் அளவுக்கு அது கொடுக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். 19 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரோடு வந்தால் மட்டும் மாற்றிக் கேளுங்கள். சத்தம் கூட்டினால் கரகரக்கும். புளூடூத் உள்ளேயே இருந்தால் போனுக்கு வேறெதுவும் வேண்டாம். டிவிக்கு ஆப்டிகல் (ஒளி வழியே ஒலியை அனுப்பும்) இணைப்பு உள்ளதாகப் பாருங்கள். இணைத்தும் சத்தம் வரவில்லை என்றால் ஆம்ப் கெட்டுவிட்டது என்று ஓடாதீர்கள். டிவி அமைப்பில் டிஜிட்டல் ஆடியோவை ‘பி.சி.எம்.’ என்று மாற்றுங்கள், வந்துவிடும்.

இனி அந்த ஜப்பான் ஆம்ப். இதில் நிறையப் பேர் பணத்தை விடுவதால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஜப்பான் ஆம்ப்புகள் அருமையான உழைப்பாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்டுக்கென்றே செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. இடைத்தரகர் ‘220-க்கு மாத்தியாச்சு’ என்பார். யார் மாற்றியது, எந்தக் கம்பியில் சுற்றியது, காப்பு என்ன என்று எதற்கும் பதில் இருக்காது. பில் இருக்காது, எரிந்தால் போனையும் எடுக்க மாட்டார். டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரில் திரும்பச் சுற்றிய ஆம்பைத் தொடவே தொடாதீர்கள்.

வாங்கலாம் என்ற விதிவிலக்கு ஒன்று உண்டு. பின்பக்கத் தகட்டில் 220 அல்லது 230 அல்லது 240 வோல்ட் என்று தொழிற்சாலையிலேயே அச்சடித்திருக்க வேண்டும், அல்லது 110–120–220–240 என்று திருப்பும் வோல்டேஜ் செலக்டர் இருக்க வேண்டும். 100 வோல்ட் மட்டும் போட்டிருந்து, உங்களால் ஆசையை அடக்க முடியவில்லை என்றால், வெளியே தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே ஓட்ட வேண்டும். அது 230-லிருந்து 100-க்கு இறக்குவதாக இருக்க வேண்டும். கடையில் 110 கொடுப்பதை ‘பத்துதானே சார்’ என்று நீட்டுவார்கள். ராத்திரி உங்கள் லைன் 245-க்கு ஏறினால் அது 117 கொடுக்கும், ஆம்ப் அடுப்பாகிவிடும். தகட்டில் 150 வாட் என்றிருந்தால் 300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். உள்ளே இரண்டு தனிச்சுற்று உள்ள ஐசொலேஷன் வகையாகக் கேளுங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும். சோப்புப் பெட்டி கனத்தில் இருக்கும் எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் ஹேர் டிரையருக்கு ஆனது, அதில் மாட்டினால் ஆம்ப் போய்விடும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் 14,000-த்தோடு கூட்டிப் பாருங்கள், ஸ்பீக்கருக்கு என்ன மிஞ்சும்?

அந்த விதிவிலக்கிலும் சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்தால் சில விநாடி கழித்து உள்ளே, ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே ‘டக்’ என்று விழ வேண்டும். பிறகு மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் தொடுங்கள். 50-க்குள் நல்லது; 100-ஐத் தாண்டினால் வேண்டாம், உள்ளே கோளாறு இருக்கலாம், அது முற்றினால் உங்கள் புது வூஃபரைக் கருக்கிவிடும். அளவு சரியாக இருந்தால் ஸ்பீக்கரை மாட்டி, அரை மணி நேரம் மெல்லிய சத்தத்தில் ஓட விடுங்கள். ஒரு பக்கம் அவ்வப்போது அறுந்து, வால்யூமைக் கூட்டினால் திரும்பி வந்தால் ரிலே முனை கறுத்திருக்கிறது. தரகர் கூடவே பழைய ஸ்பீக்கரையும் தள்ளப் பார்த்தால், வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். ஃபோமாக இருந்தால் நம் வெக்கையில் நைந்து, பொரித்த அப்பளம் மாதிரி உதிரும்.

வயருக்கு நூற்றுக்கணக்கில் கேட்டால் சரி, ஆயிரக்கணக்கில் கேட்டால் ஏமாற்று. 16 கேஜ் செம்பு வயர் பக்கத்துக்கு 5 மீட்டர் வரை தாராளம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மாட்டும்போது இரண்டு பக்கமும் சிவப்பு சிவப்புக்கே போக வேண்டும். ஒன்று மாறினாலும் பேஸ் காணாமல் போய், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். சந்தேகம் இருந்தால் ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு வூஃபரும் வெளியே தள்ள வேண்டும்.

வைக்கும் இடம்: பீரோ மேல் வேண்டாம், ஷோகேஸ் பொந்துக்குள்ளும் வேண்டாம். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, இரண்டுக்கும் நடுவில் 6 அடி, நீங்களும் அதே அளவு தூரத்தில். அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் ‘டிர்ர்’ என்று திருப்பிச் சொன்னால், தரையில் ஜமக்காளமும் பின்சுவருக்குக் கனமான திரையும் போடுங்கள். 5,000 ரூபாய் கூடுதல் ஆம்ப் கொடுக்காததை அது கொடுக்கும்.

டிவியைச் சாதாரண ஆடியோ வயரில் இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், டிஷ் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி அதுதான்; ஆப்டிகல் வயரில் இணைத்தால் தீரும். எலக்ட்ரீஷியன் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் போதும் என்பார். வெட்ட விடாதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் உள்ளே லீக் ஆனால் ஆம்பின் உலோக உடம்பில் கரண்ட் நிற்கும், குழந்தையின் கை பட அது காத்திருக்கும்.